ஹாமர் ஷாப் காது

எனக்குத் தெரியாமல் என்னைப் பற்றி வீட்டில் ஏதோ நடக்கிறது என்று முதலில் எனக்குத் தோன்றியது ஒரு டப்பா வால்நட்டைப் பார்த்தபோதுதான். திருவொற்றியூரில் எங்கள் தெருவில் வால்நட் தின்கிற குடும்பம் ஒன்றுகூட எனக்குத் தெரிந்து கிடையாது. வேர்க்கடலை தின்போம், பொட்டுக்கடலை தின்போம். இந்த டப்பா அடுப்பங்கரை அலமாரியில் மிளகாய்த்தூளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. பெரம்பூரில் கட்டிக்கொடுத்திருக்கிற மகள் ஞாயிற்றுக்கிழமை வந்தபோது வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"இது எதுக்கும்மே?" என்று மனைவியைக் கேட்டேன்.

"ஒடம்புக்கு நல்லதாம், துன்னு" என்றாள்.

எந்த உடம்புக்கு, உடம்பில் எந்த இடத்துக்கு என்று சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு மகளின் போனை எட்டிப் பார்த்ததில் விஷயம் தெரிந்தது. வால்நட் பார்க்க மூளை மாதிரி இருப்பதால் மூளைக்கு நல்லதாம், மறதி வராமல் தடுக்குமாம். ஒரு வெள்ளைக் கோட்டுக்காரர் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படியென்றால் முருங்கைக்காய் எதற்கு நல்லது என்று கேட்க வாயெடுத்தேன், மகளாயிற்றே என்று விட்டுவிட்டேன். நான் அந்த டப்பாவைத் தொடவில்லை. மனைவிதான் தினமும் எடுத்துத் தின்றாள். காசு போட்டு வாங்கியது வீணாகக் கூடாது என்று தின்கிறாள் என நினைத்துக்கொண்டேன்.

நான் சந்தேகப் பேர்வழி. இதை மறைத்துப் பயனில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் இருந்த ஒரு கம்பெனியின் ஹாமர் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பழுக்கக் காய்ச்சிய இரும்பை அச்சில் வைத்ததும், மேலேயிருந்து ஆளுயரச் சுத்தியல் விழுந்து அடிக்கிற இடம் அது. அங்கே தொழிற்சங்கத்திலும் இருந்தேன். மேனேஜர் நம்மைப் பார்த்துச் சிரித்தால், எதைப் பிடுங்கப் போகிறான் என்று யோசிக்க வேண்டும். அந்தப் பழக்கம் அடையாள அட்டையோடு சேர்த்துக் கம்பெனியில் ஒப்படைத்துவிட்டு வருகிற சாமான் இல்லை, கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது.

வால்நட் டப்பா எனக்கு உறைத்ததற்கு வேறு காரணமும் உண்டு. என் அப்பாவுக்கு மறதி நோய் இருந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய மனிதர், நல்ல கட்டுமஸ்தான உடம்பு, கடைசி வருடங்களில் உடம்பு மட்டும் இருந்தது, ஆள் இல்லை. என் மகள் கல்யாண வயதில் இருந்த காலம் அது. அப்போது என்னைப் பார்த்து, "நைனா, நீ யாரு வூட்டுப் புள்ள? இருட்டப் போவுது, உங்கம்மா தேடுவாங்கோ, வூட்டுக்குப் போ" என்பார். நான் சிரித்துக்கொண்டே வெளியே போய் நின்று அழுதிருக்கிறேன். அவரைப் பார்த்துக்கொண்டது முழுக்க என் மனைவி. நான் ஷிப்டுக்குப் போய்விடுவேன். அப்பாவுக்கு வந்தது எனக்கும் வருமா என்பதுதான் அன்றிலிருந்து எனக்கு இருந்த ஒரே பயம். சாவுக்குக்கூட நான் அவ்வளவு பயந்ததில்லை.

அதனால் வீட்டில் சில சில்லறை விஷயங்கள் நடந்தபோது, வெளியே கோபப்பட்டாலும் உள்ளே அப்பாவைத்தான் நினைத்துக்கொண்டேன். மனைவியின் தங்கை மகளுக்கு வளைகாப்பு. அதைப் பற்றி என்னிடம் யாருமே சொல்லவில்லை என்று நான் சத்தம் போட்டேன். "மூணு வாட்டி சொன்னேன், நீயும் சரி சரின்னு தலைய ஆட்டின" என்றாள் மனைவி. மகள் அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. இன்னொரு நாள் மகள் கரண்ட் பில்லைப் பற்றி ஏதோ கேட்டிருக்கிறாள், நான் தண்ணி லாரியைப் பற்றி விளக்கமாகப் பதில் சொல்லியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் பின்னாலிருந்து கூப்பிட்டும் நான் திரும்பவில்லையாம், வீட்டுக்கே வந்து குறைப்பட்டுக்கொண்டார்.

இதற்கெல்லாம் மேலே, மகள் வருகிற நாட்களில் அம்மாவும் மகளும் ரகசியம் பேச ஆரம்பித்தார்கள். நான் கூடத்துக்குள் நுழைந்தால் அவர்கள் உதடு அசையும், சத்தம் மட்டும் வராது. என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டால், "ஒண்ணுமில்ல நைனா, மீனு வெல பேசிகினு இருந்தோம்" என்பாள் மகள். மீன் விலையை யாராவது ரகசியமாகப் பேசுவார்களா? காசிமேட்டில் வளர்ந்த என் மனைவிக்கு மீன் விலையை மெதுவாகச் சொல்லவே வராது.

அதே சமயத்தில் அவள் காசிமேட்டுக்குப் போவதையும் நிறுத்தினாள். விடியற்காலையில் ஷேர் ஆட்டோ பிடித்துப் போய், ஏலத்தில் மீன் எடுத்து வந்து, எங்கள் தெரு முனையில் பலகை போட்டு விற்பவள். காய்ச்சலில்கூட அதை விட்டதில்லை. திடீரென்று மூட்டு வலி என்றாள். தங்கை கொண்டுவந்து கொடுக்கிற மீனை முனையில் உட்கார்ந்து விற்பதோடு சரி. மூட்டு வலிக்காரி வடாம் காயப் போட மொட்டை மாடிக்கு எத்தனை தடவை ஏறி இறங்குகிறாள் என்று நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என்னைக் காவல் காக்கத்தான் வீட்டோடு இருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் உண்மை வராது என்பது என் அனுபவம்.

கடைசியில் ஒரு நாள் மகள் நேராகவே சொன்னாள். ராயபுரம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் மறதிக்கென்று வாரத்தில் ஒரு நாள் தனியாகப் பார்க்கிறார்களாம், போய்க் காட்டிவிட்டு வரலாமாம். மாட்டேன் என்று நான் குதித்தேன். மனைவிதான் விடாப்பிடியாக நின்றாள்.

"சொம்மா போய் கேட்டுகினு வர்லாம் வா. எனுக்காக வா. அங்க இன்னா தான் கேக்குறாங்கோன்னு பாப்பமே" என்றாள்.

அவ்வளவு ஆசையாக அவள் என்னை எங்கேயும் கூப்பிட்டதில்லை. அதுவே சந்தேகமாக இருந்தது. ஆனாலும் போனேன். அவளுக்காகப் போகவில்லை, பயத்தில் போனேன்.

டாக்டர் இளம் பெண். பொறுமையாகப் பேசினாள், அதனால் அவளையும் நான் நம்பவில்லை.

"ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு காரணம் இருக்கும் ஐயா. ஒருத்தருக்கு பிரஷர், ஒருத்தருக்கு சுகர், ஒருத்தருக்கு தூக்கம் சரியா இருக்காது, ஒருத்தர் யார்கூடவும் பேசாம தனியா உட்கார்ந்திருப்பாங்க. உங்களுக்கு எதுன்னு கண்டுபிடிச்சு அதைச் சரி பண்ணணும். எல்லாருக்கும் ஒரே வழி கிடையாது" என்றாள்.

அளவெடுத்துத் தைக்கிற டெய்லர் கூலி அதிகம் கேட்பான், ரெடிமேட் கடைக்காரன் குறைவாகக் கேட்பான். இந்தம்மா டெய்லர் ரகம் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

பிறகு கேள்விகள். என்ன படித்தேன், என்ன வேலை, பீடி உண்டா, குடி உண்டா, தலையில் அடிபட்டதா, குறட்டை விடுவேனா, அப்பாவுக்கு எந்த வயதில் ஆரம்பித்தது, சாயங்காலம் யாரோடு பேசுவேன். ஒரு கேள்விக்கு நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து நாற்காலியிலிருந்து என் மனைவி பதில் சொல்லிவிடுவாள். உடம்பைப் பற்றிச் சொன்னால் போகட்டும். இன்றைக்கு என்ன கிழமை என்று டாக்டர் கேட்டதற்கும் அவளே முந்திக்கொண்டு, "பொதன்" என்றாள். அன்றைக்குச் செவ்வாய்.

"அவர் சொல்லட்டும்மா" என்று டாக்டர் சிரித்தாள்.

"செவ்வாய்" என்றேன். எனக்குக் கொதித்தது. என்னைக் குழப்பி முட்டாளாகக் காட்டத்தான் வேண்டுமென்றே தப்பாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். கட்டின மனைவி ஆஸ்பத்திரியில் வைத்துக் காலை வாருவாள் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

அடுத்து டாக்டர் ஐந்து வார்த்தைகள் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்பேன், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். பக்கத்தில் மனைவியின் உதடு அந்த வார்த்தைகளை முணுமுணுத்தது எனக்குத் தெரிந்தது. டாக்டரும் பார்த்துவிட்டு, "நீங்க கொஞ்ச நேரம் வெளிய உட்காருங்கம்மா" என்றாள். மனைவி எழுந்து போகவே மனமில்லாமல் கதவருகில் நின்று, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள். கடைசியில் டாக்டர் கேட்டபோது எனக்குப் படகு, சாவி, மஞ்சள் என்று மூன்றுதான் வந்தது. அந்த நிமிடம் என் அப்பா என் சட்டைக்குள் புகுந்துகொண்ட மாதிரி இருந்தது. கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

பிறகு காது டெஸ்ட். ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, தலையில் ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். எதிரே மெஷினுக்கு முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

இங்கே எங்கள் ஹாமர் ஷாப் விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கம்பெனியில் வருடா வருடம் காது டெஸ்ட் நடக்கும். காது மந்தம் என்று எழுதிவிட்டால் பேக்கிங் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள், அங்கே அலவன்ஸும் கிடையாது, ஓவர்டைமும் கிடையாது. அதனால் எங்களில் ஒருவன்கூட அந்த டெஸ்டில் தோற்றதில்லை. டெஸ்ட் எடுப்பவர் பட்டனை அழுத்தும்போது அவர் தோள் கொஞ்சம் இறங்கும். அதைப் பார்த்ததும் கையைத் தூக்கிவிட வேண்டும், அவ்வளவுதான் வித்தை. ரொம்பச் சரியாகத் தூக்கினாலும் மாட்டிக்கொள்வோம் என்று நடுநடுவே ஒன்றிரண்டை வேண்டுமென்றே விட்டுவிடுவோம். ரெக்கார்டைப் பார்த்தால் அந்தச் சுத்தியலுக்குக் கீழே நின்ற எங்கள் எல்லோருக்கும் பிள்ளைக் காது. ஷாப்புக்குள் நாங்கள் பேசியது முழுக்கக் கை ஜாடையில். வெளியே டீக்கடையில் கத்திப் பேசினோம், எதிராளியும் கத்தினான், யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அந்தச் சின்ன அறையில் ஹெட்போன் ஏறியதும் என் கண் தானாக அந்தப் பெண்ணின் தோளுக்குப் போனது. யாரையும் ஏமாற்ற வேண்டும் என்று நான் போகவில்லை. ஆனால் எனக்கு ஹெட்போன் மாட்டுகிறவர் யாராக இருந்தாலும் அவர் கம்பெனி ஆள் என்று என் உடம்பு முடிவு செய்துவிட்டது. பாஸாகிவிட்டேன். காது பழுதில்லை என்றால் பழுது வேறு எங்கே என்று யோசிக்கிற புத்தி அப்போது எனக்கு இல்லை.

அடுத்த தடவை மகளும் கூட வர, மூன்று பேராகப் போனபோது டாக்டரின் முகத்தில் ஒரு குழப்பம் தெரிந்தது. மறதி டெஸ்டில் எழுதிக் காட்டிய கேள்விகளையெல்லாம் நான் சரியாகச் செய்திருக்கிறேன், வாயால் சொன்னதில்தான் கோட்டை விட்டிருக்கிறேன். அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரு பைலை எடுத்துத் தன் வாயை மறைத்துக்கொண்டாள். எனக்குப் பைல்தான் தெரிந்தது.

"இன்னா?" என்றேன்.

பைலை இறக்கினாள். "உங்க செருப்பு என்ன கலர்னு கேட்டேன் ஐயா."

குனிந்து என் செருப்பைப் பார்த்தேன்.

"காது டெஸ்ட்ல பாஸாயிருக்கீங்களே, எப்படி?"

அப்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் ஒரு கம்பெனி டாக்டருக்குக்கூடத் தோன்றாத சந்தேகம் இந்தப் பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது. தோள் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவள் என்னை அந்தச் சின்ன அறைக்கு அழைத்துப் போய், நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பச் சொல்லி மறுபடியும் டெஸ்ட் எடுக்க வைத்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் எதுவுமே நடக்கவில்லை. டெஸ்ட் எப்போது ஆரம்பிக்கும் என்று நான் கேட்டபோது அது முடிந்துவிட்டிருந்தது.

உங்களுக்கான காரணம் இதுதான் போலிருக்கிறது என்றாள். அரைகுறையாகக் காதில் விழுவதை ஒட்டவைத்துப் புரிந்துகொள்வதிலேயே மூளையின் பலமெல்லாம் போய்விடுமாம், ஞாபகத்தில் வைக்க மிச்சம் இருக்காதாம். அப்படியே விட்டால் ஆள் பேச்சைக் குறைத்து ஒதுங்கிவிடுவானாம், பிற்காலத்தில் மறதி நோய் வருகிற ஆபத்தும் கூடுமாம். காதுக்கு மிஷின், பிரஷருக்கு மாத்திரை, தினமும் நடை, தினமும் நாலு பேரோடு பேச்சு. இது எனக்கென்று அளவெடுத்துத் தைத்தது.

"இத்தப் போட்டா எங்கப்பாவுக்கு வந்தது எனுக்கு வராதா?"

"அப்படிச் சத்தியம் பண்ண முடியாது ஐயா. நம்ம கையில இருக்கிறதைச் சரி பண்ணலாம். ஆபத்து குறையும்."

வராது என்று அடித்துச் சொல்லியிருந்தால் பிராடு என்று எழுந்து வந்திருப்பேன். சத்தியம் பண்ண மாட்டேன் என்கிறவளை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. "மிஷின் விக்கிறவன் உங்களுக்கு இன்னா தருவான்?" என்று கேட்டேன். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டர் கோபப்படவில்லை. எங்கே வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளுங்கள், அரசு ஆஸ்பத்திரியிலும் கேட்டுப் பாருங்கள், ஆனால் வாங்கியதைப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல் போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். அன்றுதான் அவளைக் கொஞ்சம் பிடித்தது.

வீட்டுக்கு வரும்போது ஆட்டோவில் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "நைனாவுக்கு ஒண்ணும் இல்லம்மா, செவுடு தான்" என்று அவள் சொன்னது எனக்கே கேட்டது. மனைவி சிரித்தாள், பிறகு வீடு வரும்வரை பேசவில்லை. என்னை மாட்டிவிட முடியவில்லை என்ற வருத்தமோ என்று நினைத்தேன். அப்படிப்பட்டவன் நான்.

மிஷின் வந்தது. முதல் வாரம் அதைக் கழற்றிக் கடலில் வீசிவிடலாமா என்று இருந்தது. பிளாஸ்டிக் பை சரசரப்பது, மின்விசிறி சுற்றுவது, நெடுஞ்சாலையில் கன்டெய்னர் டிரெய்லர் பிரேக் பிடித்துக் காற்று விடுவது, நான் முறுக்கு கடிப்பது, எல்லாம் ஒரே நேரத்தில் தலைக்குள் வந்தது. மெல்லப் பழகியது. மகள் வந்த ஞாயிறு நான் கூடத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு, அடுப்பங்கரைப் பேச்சை ஒட்டுக்கேட்டேன். வஞ்சிரம் என்ன விலை, வவ்வால் ஏன் வரவில்லை, மருமகனுக்கு ஏன் சளி விடவில்லை. உண்மையாகவே மீன் விலைதான் பேசியிருக்கிறார்கள். அதுவும் ரகசியமாக இல்லை, வாசலில் போகிறவனுக்குக் கேட்கிற குரலில். எனக்கு நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

அப்பாவின் நோய் எனக்கு வரவில்லை என்று நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன். சாயங்காலம் நடக்கப் போனேன். பழைய ஹாமர் ஷாப் ஆட்களைத் தேடிப் போய் டாக்டரிடம் காதைக் காட்டச் சொன்னேன், ஒருவனும் ஒப்புக்கொள்ளவில்லை.

எங்கள் வீட்டில் எதையும் ஒரு தடவை சொல்கிற வழக்கம் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் எதையும் மூன்று தடவை சொல்லித்தான் மனைவிக்குப் பழக்கம். மகளும் அப்படியே வளர்ந்தாள். மிஷின் போட்ட பிறகு மகள் அந்தப் பழக்கத்தைச் சீக்கிரமே விட்டுவிட்டாள். மனைவி விடவில்லை.

"கேஸு சொல்லிட்டியா?" என்பாள்.

"சிலிண்டருக்குச் சொல்லிட்டேன்."

பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "கேஸு சொல்லிட்டியா?" என்பாள்.

"இன்னாமே, அதான் மிஷின் போட்டுகினு கீறேனே. ஒரு வாட்டி சொன்னா போதும்."

"தெர்யாம கேட்டுட்டேன், வுடு" என்று சிரிப்பாள். தெரு முனைக்குப் போய்ப் பலகையைத் துடைத்துவிட்டு வந்து மறுபடியும் கேஸைக் கேட்பாள்.

முதலில் பழக்க தோஷம் என்றுதான் நினைத்தேன். ஆனால் பழக்கத்தில் மறுபடி சொல்கிறவர்கள் குரலை உயர்த்திச் சொல்வார்கள். இவள் குரலை உயர்த்தவில்லை. முதல் தடவை கேட்பது போலவே, அதே குரலில், அதே முகத்தோடு கேட்டாள். இத்தனை நாள் அந்தக் குரல் எனக்குக் கேட்டதில்லை. மூன்று கேள்வியில் ஒன்றுதான் என் காதில் விழுந்திருக்கிறது, அதற்குப் பதில் சொல்லிவிட்டு நான் பாட்டுக்கு இருந்திருக்கிறேன். மகளோ, அம்மா அப்பாவுக்காகத் திருப்பிச் சொல்கிறாள் என்றே நினைத்திருக்கிறாள். செவிடன் இருக்கிற வீட்டில் யாருக்கும் எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

நான் வேவு பார்க்க ஆரம்பித்தேன். அது எனக்குக் கைவந்த வேலை. ஆனால் இந்தத் தடவை நான் நினைப்பது தப்பாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். வாடிக்கைக்கார அம்மா ஒருத்தி எதிரே நிற்கும்போதே, இவள் மீனை வெட்டிக் கவரில் போட்டுவிட்டு, "உனுக்கு இன்னா மீனும்மா வோணும்?" என்று கேட்டதைப் பார்த்தேன். அந்த அம்மா தமாஷ் என்று நினைத்துச் சிரித்தாள். இவளும் கூடவே சிரித்துச் சமாளித்தாள். சிரித்த பிறகு அவள் கண் ஒரு நொடி பலகையில் அலைந்ததை நான் பார்த்தேன்.

மகளிடம் சொல்லவில்லை. என் முதுகுக்குப் பின்னால் நடப்பதாக நினைத்து நான் பட்ட பாடு எனக்குத் தெரியும், அதை இவளுக்குச் செய்ய மாட்டேன் என்று நேராக அவளிடமே போனேன். மத்தியானம், வாசலில் உட்கார்ந்து நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்தேன்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீ கேட்டதயே திரும்பத் திரும்பக் கேக்குறம்மே. எனுக்காக இல்ல. உனுக்கே ஞாபகம் இல்லாம கேக்குற."

அவள் கை நிற்கவில்லை. ஒரு மீனைக் கிள்ளிப் போட்டுவிட்டுத்தான் பேசினாள்.

"தெர்யும்."

"இன்னா தெர்யும்?"

"உனுக்குக் காது கேக்காத வரைக்கும் எனுக்குப் பேஜாரு இல்லாம இருந்துச்சு. எத்தினி வாட்டி கேட்டாலும் செவுட்டு மன்சன் கிட்ட கேக்குறான்னு வுட்டுட்டாங்கோ." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "காசிமேட்டுல ஒரு நாளு கூடைய எடுத்துகினு வெளிய வந்தேன்யா. எந்தப் பக்கம் ஆட்டோ ஏறணும்னே தெர்ல. பொறந்த எடம். அங்கயே கூடை மேல குந்திகினேன். தங்கச்சி வந்து இட்டுகினு வந்தா. மூட்டு வலின்னு சொல்லிட்டேன்."

அவள் இன்னொரு மீனை எடுத்துக் கிள்ளினாள்.

"உன்ன அந்த டாக்டரம்மாகிட்ட எதுக்கு இட்டுகினு போனேன்னு நெனச்ச? அவங்க இன்னா கேக்குறாங்கோன்னு பாக்கத்தான். உன்ன கேக்கும்போது எனுக்குப் பதிலு வருதான்னு பாத்தேன். கெழமையே தப்பாச் சொல்லிட்டேன்ல. அஞ்சு வார்த்த சொன்னாங்களே, வெளிய குந்திகினு நெனச்சு நெனச்சுப் பாத்தேன். சாவி வந்துச்சு, மல்லி வந்துச்சு. அவ்ளோதான்."

நான் மூன்று சொல்லியிருந்தேன். பாதி காதில் விழாமலே மூன்று. இவள் ஐந்தையும் தெளிவாகக் கேட்டவள். என் மனைவி என்னிடம் எதையோ மறைக்கிறாள் என்று அத்தனை மாதமாக நான் சந்தேகப்பட்டது பொய் இல்லை. அது உண்மையாகப் போனதை என்னால் தாங்க முடியவில்லை.

"ஏன்மே என்கிட்ட சொல்லல?"

"சொன்னா இன்னா பண்ணுவீங்கோ? உங்கப்பாவ இன்னா பண்ணோம்?"

"நல்லாத்தான பாத்துகினோம்."

"நீ ஷிப்டுக்குப் போயிருவ. நான் யாவாரத்துக்குப் போவும்போது அவர உள்ள வெச்சு வெளிய பூட்டு போட்டுகினு போவேன். வேற வழி இல்ல. திரும்பி வர்றதுக்குள்ள கதவத் தட்டித் தட்டிக் கையெல்லாம் வீங்கியிருக்கும். எண்ண தடவி வுடுவேன். 'யாரும்மா நீ, நல்லாயிருப்ப'ன்னுவாரு. உன்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல."

அப்பாவின் கை வீக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். வயசானால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

என்னால் அழாமல் இருக்க முடியவில்லை. அவள் அழவில்லை. "செவ்வாக்கெழம அந்த டாக்டரம்மாகிட்ட போலாம்" என்றேன். "சுகரோ, தைராய்டோ, தூக்கமோ, உனுக்குன்னு ஏதோ ஒண்ணு இருக்கும். அத்தக் கண்டுபுடிச்சு சரி பண்ணலாம்."

"சரி பண்ணா நின்னுருமா?"

"தெர்லமே. சத்தியம் பண்ண முடியாதுன்னுதான் அவங்க சொல்லுவாங்கோ."

"அவங்க பண்ண வோணாம். நீ பண்ணு" என்றாள். மீன் செதில் ஒட்டிய கையை நீட்டினாள். "இன்னா ஆனாலும் என்ன உள்ள வெச்சுப் பூட்ட மாட்டேன்னு சொல்லு."

சத்தியம் செய்கிறவனை என் வாழ்க்கையில் நான் நம்பியதில்லை. அவள் கையில் என் கையை வைத்து, பூட்ட மாட்டேன் என்றேன். அவள் தலையாட்டிவிட்டுக் குனிந்து நெத்திலியை எடுத்தாள். கொஞ்சம் மீன் கிள்ளினாள். பிறகு நிமிர்ந்து, அதே குரலில், அதே முகத்தோடு, "இன்னா ஆனாலும் என்ன உள்ள வெச்சுப் பூட்ட மாட்டேன்னு சொல்லு" என்றாள்.

நம்பாமல் கேட்கிறாளா, மறந்து கேட்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. மறுபடியும் சொன்னேன்.